கூறியது கூறல்

சென்ற பருவத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தேன். 'என் ஊர்' என்ற தலைப்பில் இரண்டு பக்கம் எழுதி வரவேண்டும், அவ்வளவுதான். ஏற்காட்டு மலையிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகள் அவ்வகுப்பில் ஐந்து பேர். ஐவருமே முதற் பத்தியில், சிலர் முதல் வரியிலேயே, 'ஏழைகளின் ஊட்டி' என்று எழுதியிருந்தார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியிருப்பார்கள் என்று முதலில் எண்ணினேன். அப்படியில்லை. அடுத்தடுத்த பத்திகள் வேறுவேறாக இருந்தன. அந்தத் தொடர் மட்டும் அச்சில் வார்த்தது போல ஐந்து தாள்களிலும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தது.

ஐவரில் ஒருவன் செம்மநத்தத்துப் பையன். சுற்றுலாப் பயணிகள் ஏரியையும் சீமாட்டி இருக்கையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவதால், அவனுடைய ஊர்ப்பக்கம் வருபவர் குறைவு. காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்யும் குடும்பம். அவனை அழைத்து, "தம்பி, ஏழைகளின் ஊட்டி என்றால் என்ன பொருள்?" என்று கேட்டேன். "ஊட்டிக்குப் போக முடியாதவங்க இங்க வருவாங்கய்யா" என்றான். "அப்படியானால் அந்த ஏழை யார்? நீயா, வருகிறவரா?" என்றேன். விழித்தான். அந்தத் தொடரில் வரும் 'ஏழை' மலையின்மேல் இருப்பவன் அல்லன், சமவெளியிலிருந்து காரில் ஏறி வருபவன். அங்கேயே பிறந்து வளர்ந்தவனுக்கு அத்தொடருக்குள் இடமே இல்லை. ஆனாலும் அதைக் கொண்டுதான் அவன் தன் ஊரை எனக்கு அறிமுகப்படுத்துகிறான்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு முழுமையாக உண்டா என்பதும் ஐயமே. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு விழா மலருக்காக ஏற்காட்டைப் பற்றிக் கட்டுரை எழுதியவன் நான். பையனிடம் கேள்வி கேட்ட அன்றிரவு அந்த மலரைத் தேடி எடுத்தேன். மூன்றாவது வரியில் 'ஏழைகளின் ஊட்டி' இருந்தது. எவரும் என்னை எழுதச் சொல்லவில்லை. எங்கே படித்தேன் என்று யோசித்துப் பார்த்தால் ஓர் இடம்கூட நினைவுக்கு வரவில்லை. கேட்ட இடம் மறந்து, கேட்டது மட்டும் நின்றுவிட்டது. நண்பர்களே, இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்த மறதிதான்.

தமிழ் படித்தவர்களுக்கு இது பழைய விவகாரம். நூலுக்குரிய பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' ஒன்று என்று தொல்காப்பியமும் சொல்கிறது, நன்னூலும் சொல்கிறது. அதே இலக்கணிகள் சொல்லை அடுக்குவதற்கு அனுமதியும் தந்திருக்கிறார்கள். அச்சத்தில் அடுக்கலாம், மகிழ்ச்சியில் அடுக்கலாம், விரைவில் அடுக்கலாம். பாம்பைக் கண்டவன் 'பாம்பு பாம்பு' என்றுதான் கத்துவான். ஆனால் அதற்கும் வரம்பு உண்டு. விரைவுப் பொருளில் மூன்று, இசை நிறைக்க நான்கு என்று தொல்காப்பியர் கணக்கு வைத்திருக்கிறார். நன்னூலாரும் நான்கோடு நிறுத்திக்கொள்கிறார். வகுப்பில் இந்த நூற்பாக்களைப் பல ஆண்டுகளாக நடத்தியிருக்கிறேன். 'ஏன் நான்கு?' என்று எந்த மாணவரும் கேட்டதில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. இப்போது கேட்கத் தோன்றுகிறது. ஐந்தாம் முறை ஒலிக்கும்போது சொல்லிலிருந்து பொருள் கழன்றுபோய் ஓசை மட்டுமே மிஞ்சுகிறது என்பதை அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும். விளம்பரக்காரனின் வேலை அந்த ஐந்தாம் முறையில்தான் தொடங்குகிறது.

ஆங்கில நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லி 1932இல் வெளியிட்ட 'பிரேவ் நியூ வேர்ல்டு' நாவலில் இதற்கு எண் கணக்கே போட்டுக் காட்டுகிறார். உறங்கும் குழந்தைகளின் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு குரல் வாசகங்களை ஓதிக்கொண்டிருக்கும். ஓர் இரவுக்கு நூறு முறை, வாரத்தில் மூன்று இரவு, நான்கு ஆண்டுகள். பெருக்கினால் 62,400. அத்தனை முறை சொன்னால் ஓர் உண்மை தயாராகிவிடும் என்று ஒரு பாத்திரம் கசப்போடு கணக்கிடுகிறது. ஆர்வெலின் 'விலங்குப் பண்ணை' (1945) ஆடுகளையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். யாராவது எதிர்த்துப் பேச வாய் திறந்தால் அவை ஒரே முழக்கத்தைக் கத்திப் பேச்சை அமுக்கிவிடும். நாவலின் முடிவில் முழக்கம் தலைகீழாக மாறிவிடுகிறது, ஆடுகள் அதையும் அதே உற்சாகத்தோடு கத்துகின்றன.

ஆனால் ஹக்ஸ்லிக்கும் ஆர்வெலுக்கும் பல நூற்றாண்டுகள் முன்பே நம் ஊர்க் கதை ஒன்று இதை இன்னும் நுட்பமாகச் சொல்லிவிட்டது. பஞ்சதந்திரத்துப் பிராமணரும் ஆடும். 19ஆம் நூற்றாண்டில் தாண்டவராய முதலியாரின் உரைநடையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்த நூல் அது. ஆட்டைத் தோளில் சுமந்துகொண்டு போகிறார் ஒருவர். வழியில் ஒருவன் "ஏன் நாயைச் சுமக்கிறீர்?" என்கிறான். சற்றுத் தள்ளி இன்னொருவன். அப்புறம் மூன்றாமவன். பிராமணர் ஆட்டை இறக்கிவிட்டு ஓடுகிறார். இக்கதையைச் சிறு வயதில் கேட்டபோது பிராமணரின் அறியாமையைக் கண்டு சிரித்தோம். இப்போது படித்தால் திருடர்களின் திறமைதான் வியக்க வைக்கிறது. ஒரே ஆள் மூன்று முறை சொல்லியிருந்தால் பிராமணர் அவனை விரட்டியிருப்பார். மூன்று ஆள், மூன்று இடம், இடையில் கொஞ்சம் நடை. ஒருவரோடொருவர் தொடர்பில்லாதவர்கள் போன்ற தோற்றம். அதனால்தான் அது சாட்சியம் ஆகிறது. 'ஏழைகளின் ஊட்டி'யும் சுற்றுலாக் கையேட்டில் ஒருமுறை, நாளிதழில் ஒருமுறை, விழா மலரில் என்னைப் போன்ற ஒரு தமிழாசிரியர் எழுத்தில் ஒருமுறை என்று வழியெங்கும் நின்று அந்தப் பையனிடம் சொல்லியிருக்கிறது. அவன் தோளில் இருந்த ஆட்டை இறக்கி வைத்துவிட்டான்.

உளவியலாளர்கள் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1977இல் ஹேஷர், கோல்ட்ஸ்டீன், டோப்பினோ என்னும் மூவர் அமெரிக்க மாணவர்களிடம் சில கூற்றுகளைக் கொடுத்து, அவை எவ்வளவு உண்மையாகத் தோன்றுகின்றன என்று மதிப்பிடச் சொன்னார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்த கூற்றுகளுக்கு நம்பிக்கை மதிப்பெண் ஏறிக்கொண்டே போயிற்று, அவை உண்மையோ பொய்யோ. 2015இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, சரியான விடையை அறிந்தவர்களையும் இந்த மயக்கம் விடுவதில்லை என்று காட்டியது. முன்பு கேட்டதை மனம் தடையின்றி வாங்கிக்கொள்கிறது, அந்தத் தடையின்மையையே உண்மையின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறது.

(ஒரு சிறு விலகல். 'ஒரு பொய்யைத் திரும்பத் திரும்பச் சொன்னால் உண்மையாகிவிடும் என்றார் கோயபல்ஸ்' என்பது தமிழ்நாட்டு மேடைகளில் எல்லாக் கட்சியினரும் பிற கட்சியினரைப் பார்த்துச் சொல்லும் வாசகம். கோயபல்ஸ் அப்படிச் சொன்னதற்கு மூல ஆதாரம் எதுவும் காட்டப்பட்டதில்லை. திரும்பத் திரும்பச் சொன்னதால் அது உண்மையாகிவிட்டது.)

நம் புனைகதைக்கும் திரைக்கும் வருகிறேன். ஏற்காட்டு மலை ஏறும் சாலையில், சேலத்தின் எல்லையில், மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவாயில் வளைவு இன்னும் நிற்கிறது. அந்நிறுவனம் 1950இல் எடுத்த 'மந்திரி குமாரி'க்கு மு. கருணாநிதி வசனம் எழுதினார். கதையின் வேர் குண்டலகேசியில் இருக்கிறது. முழுக் காப்பியம் நமக்குக் கிடைக்கவில்லை, நீலகேசி உரை வழியாகத்தான் கதையை அறிகிறோம். மனைவியைக் கொல்லத் திட்டமிட்டு மலை உச்சிக்கு அழைத்துப் போகிறான் கணவன். சாவதற்கு முன் மூன்று முறை உன்னை வலம் வர வேண்டும் என்று கேட்கிறாள் அவள். வலம் வந்து, பின்னாலிருந்து தள்ளிவிடுகிறாள். ஏன் மூன்று? முதல் சுற்றில் அவன் கண் அவள்மேல் இருந்திருக்கும். இரண்டாம் சுற்றில் அது பழகிப்போயிருக்கும். மூன்றாம் சுற்றில் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பச் செய்வது காவலை உறங்க வைக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இந்தக் கதையில் உறங்கியவன் கொலைகாரன் என்பதால் நாம் கைதட்டுகிறோம்.

திராவிட இயக்கத்தார் புனைவைப் பரப்புரைக் கருவியாகக் கொண்டதை மறைத்ததே இல்லை. அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அண்ணாவின் 'வேலைக்காரி' (படமாக 1949), கருணாநிதி வசனம் எழுதிய 'பராசக்தி' (1952) ஆகியவற்றின் ஆற்றல் திரையரங்கத்தோடு முடியவில்லை. வசனப் புத்தகங்கள் அச்சாகி விற்றன. ஒலித்தட்டுகள் கல்யாண வீட்டுப் பந்தலில் ஒலிபெருக்கி வழியாகத் தெருவெங்கும் முழங்கின. பள்ளிக்கூட விழாவில் நீதிமன்றக் காட்சியைப் பேசி நடிக்காத தலைமுறை இல்லை எனலாம். படத்தை ஒருமுறை பார்த்தவன் வசனத்தை நூறு முறை கேட்டான். அடுக்குமொழி அதற்கு ஏற்ற வாகனம், மோனையும் இயைபும் உள்ள வாக்கியம் தானே நாவில் ஏறிக்கொள்ளும். அவ்வசனங்கள் சாதியையும் மூடநம்பிக்கையையும் நோக்கிக் கேட்ட கேள்விகள் கேட்கப்பட வேண்டியவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதல் முறை கேட்டவனை அந்த வசனம் சிந்திக்க வைத்தது. ஐம்பதாம் முறை மேடையில் ஒப்பித்தவனுக்கு அதே கேள்வி கைதட்டலுக்கான இடமாகிவிட்டது. எதிரியை நோக்கி எழுதப்பட்ட கேள்வி ஓதி ஓதி மந்திரமானது.

இடதுசாரி எழுத்திலும் இந்த நோய் இருந்தது. கதை எங்கே தொடங்கினாலும் கடைசிப் பத்தியில் கிழக்கு சிவக்கும். நல்ல கதைகளும் அந்தச் சிவப்பில் வெளிறிப்போயின. எதைச் சொன்னாலும் இப்படித்தான் முடியும் என்று வாசகனுக்கு முன்பே தெரிந்துவிட்டால், நடுவில் வரும் பட்டினியும் அழுகையும் அவனுக்கு வெறும் வழிச் செலவாகிவிடுகின்றன.

வேறொரு வகைத் திரும்பக் கூறலை எம்.ஜி.ஆர். படங்களில் காண்கிறோம். படகோட்டி, தொழிலாளி, விவசாயி, மாட்டுக்கார வேலன், ரிக்‌ஷாக்காரன், மீனவ நண்பன். 1964 தொடங்கி 1977 வரை வந்த இப்படத் தலைப்புகளை வரிசையாகப் படித்தாலே போதும். தொழில் மாறுகிறது, ஆள் மாறுவதில்லை. அவர் குடிப்பதில்லை, புகைப்பதில்லை, தாயை வணங்குகிறார், ஏழைக்காக அடிபட்டு, பிறகு திருப்பி அடிக்கிறார். இங்கே திரும்ப வருவது ஒரு மனிதர். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்தப் பிம்பத்துக்கும் ஆட்சியில் ஏழைகள் பெற்றதற்கும் இடையிலிருந்த இடைவெளியை விரிவாகப் பேசுகிறது. அந்நூலோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. பார்வையாளரை அது சற்று அதிகமாகவே ஏமாளியாக்குகிறது என்பது என் எண்ணம். ஆனால் அது கேட்கும் கேள்வி தட்டிக்கழிக்க முடியாதது.

விளம்பரத்துக்கு மலையிலேயே சான்று இருக்கிறது. சேர்வராயன் மலைக்குக் காப்பிச் செடி வந்தது 1820களில், சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் காலத்தில். செடியை நட்டுவிடலாம், குடிக்கிறவனை எப்படி நடுவது? 1935இல் காப்பிக்கு வரி விதித்து ஒரு குழு அமைத்து, இந்தியரைக் குடிக்கப் பழக்கும் வேலையைத் தொடங்கினார்கள். 1936இல் பம்பாயில் முதல் காப்பி ஹவுஸ் திறந்தது. தேயிலைக்காரர்கள் அதற்கும் முன்னோடிகள், அவர்களுக்கு 1903இலேயே அப்படியொரு வரி இருந்தது. ரயில் நிலையங்களில் எனாமல் பலகைகள், சந்தையில் இலவசக் கோப்பை. நம் தாத்தாமார்கள் 'நீராகாரம் போயிற்றே' என்று அங்கலாய்த்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் சுவையாக எழுதியிருக்கிறார். இன்று காலையில் காப்பி இல்லாவிட்டால் தலைவலிக்கிறது, அதைத் தமிழ்ப் பண்பாடு என்றும் சொல்லிக்கொள்கிறோம். (எனக்கும் தலைவலிக்கும்.)

அரசும் இதே பள்ளியில் படித்ததுதான். சிவப்பு முக்கோணத்தோடு சுவரெங்கும் நின்ற 'நாம் இருவர் நமக்கு இருவர்' நினைவிருக்கும். பின்னர் அது 'நமக்கு ஒருவர்' ஆயிற்று. ஓசை அப்படியே, எண் மட்டும் மாறியது. பழகிய தாளத்துக்குள் புதிய கட்டளையை நுழைத்துவிட்டால் காது அதைப் புதியதாக எடுத்துக்கொள்வதில்லை.

அண்மைக் கால எடுத்துக்காட்டு ஒன்று. 2018இல் சேலம்–சென்னை இடையே 277 கிலோமீட்டர் சாலைத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது அரசுத் தரப்பு அதைப் 'பசுமைவழிச் சாலை' என்றது. நிலம் இழக்கவிருந்தவர்களும் எதிர்த்தவர்களும் 'எட்டுவழிச் சாலை' என்றார்கள். சேர்வராயன் மலையடிவாரத்துக் குப்பனூர்ப் பக்கமும் அந்தத் தடத்தில் இருந்தது. நிலம் கையகப்படுத்தும் அறிவிக்கைகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்துச் செய்தது, 2020 டிசம்பரில் உச்சநீதிமன்றம் அவற்றை ஏற்றது. வழக்கு இருக்கட்டும். பெயரைப் பாருங்கள். இரு தரப்பும் தத்தம் பெயரை விடாமல் சொன்னார்கள், மக்கள் வாயில் நின்றது 'எட்டுவழி'தான். எட்டு என்பதை நிலத்தில் அளந்து பார்க்கலாம். வயலில் முட்டுக்கல் நட்டபோது பசுமையை அளக்க அங்கே எதுவும் இருக்கவில்லை. எவ்வளவு முறை சொன்னாலும் கண்முன் கிடக்கும் பொருளோடு மோதினால் சொல் தோற்கும் வாய்ப்பு உண்டு என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன். அந்த வாய்ப்பு எப்போதும் கிடைப்பதில்லை.

'அப்படியானால் தாலாட்டும் ஒப்பாரியும் திரும்பக் கூறல் இல்லையா?' என்று என் துணைவியார் கேட்டார். நியாயமான கேள்வி. ஒப்பாரியில் ஒரே விளி மீண்டும் மீண்டும் வரும். ஆனால் ஒவ்வொரு முறையும் அதன் தோளில் ஏறிப் புதிதாக ஏதேனும் வந்துவிடும். செத்தவர் வாங்கித் தந்த சேலை, கடைசியாகக் கேட்ட கஞ்சி, அண்ணன் செய்யாமல் விட்ட சீர். தேர்ந்த ஒப்பாரிக்காரி துக்க வீட்டில் கணக்கு வழக்கையே திறந்துவிடுவாள், சிலர் எழுந்து வெளியே போவதும் உண்டு. பாடுகிறவள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். விளம்பரத் தொடரில் இவை இரண்டுமே இருப்பதில்லை. புதிதாக ஒன்றும் சேராது, சொல்பவர் யாரென்றும் தெரியாது. குரல் மறைந்து வாசகம் மட்டும் காற்றைப் போல எங்கும் இருக்கிறது. நான் வேறுபடுத்திப் பார்க்க விரும்புவது இதைத்தான். இதற்கு மேல் ஒரு கோட்பாடாக வளர்த்தெடுக்க என்னால் இயலவில்லை, நண்பர்கள் யாரேனும் முயலலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனுடைய வீட்டுக்குச் செம்மநத்தம் போயிருந்தேன். வீட்டின் சாலைப் பக்கச் சுவர் முழுவதும் ஒரு சிமெண்ட் விளம்பரம். கம்பெனி ஆட்களே வந்து வெள்ளையடித்து எழுதிவிட்டுப் போனார்களாம். வாடகை உண்டா என்று கேட்டேன். "சுண்ணாம்புச் செலவு மிச்சமுங்கய்யா" என்றார் அவன் தந்தை. அதே வீட்டின் பின்சுவர் மண்சுவராகத்தான் இருந்தது. பையனின் தங்கை, நான்கு அல்லது ஐந்து வயது இருக்கும், இன்னும் எழுத்து முழுதாகத் தெரியாதவள், அந்தச் சுவரில் உள்ள வாசகத்தை விரல் வைத்து ஒரு பிழையில்லாமல் 'படித்து'க் காட்டினாள்.

பாட்டி களத்தில் மிளகு உலர்த்திக்கொண்டிருந்தார். அவர்கள் மலையாளி என்னும் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்று பொருள், கேரளத்தோடு தொடர்பில்லை, ஆயினும் கீழ்நாட்டில் அந்தப் பெயரைக் கேட்டவுடன் அதைத்தான் நினைக்கிறார்கள். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் இந்த மலைக்கும், மற்ற இருவர் பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் போனார்கள் என்ற கதையைப் பாட்டி சொன்னார். நூல்களில் நான் படித்திருந்த கதைதான். ஆனால் பாட்டி சொன்னதில், பெரியண்ணன் ஏன் இந்த மலையைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு எந்த நூலிலும் நான் காணாத ஒரு காரணம் இருந்தது. அதை எழுத அனுமதி கேட்கவில்லை, ஆதலால் விடுகிறேன். எத்தனை முறை சொல்லியிருப்பாரோ, சொல்லும்போது நடுவில் நிறுத்தி, "அப்படித்தான் எங்க அம்மா சொல்லுச்சு" என்று ஒவ்வொரு திருப்பத்திலும் சாட்சி வைத்துக்கொண்டே போனார்.

கடைசியில் தயங்கியபடி, "பாட்டி, உங்க மலையை ஏழைகளின் ஊட்டின்னு சொல்றாங்களே, கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றேன். அவர் பேரனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஊட்டியா? அங்கயும் காப்பிக் காடு இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

பையன் கட்டுரையைத் திருத்தி எழுதி வந்தான். 'ஏழைகளின் ஊட்டி' போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் 'இயற்கை அன்னை எழில் கொஞ்சும்' என்று தொடங்கியிருந்தான். அதையும் அடித்துத் திருப்பிக் கொடுத்தேன். என் விழா மலர்க் கட்டுரையையும் அவனிடம் கொடுத்து, சிவப்பு மையால் அடிக்கச் சொல்லியிருக்கிறேன். இரண்டும் இன்னும் திரும்பி வரவில்லை.